என்.டி. ஸ்கேன் படத்தை நீங்களே சரிபார்ப்பது எப்படி: முதல் மூன்று மாத அளவுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கர்ப்பத்தின் மூன்றாம் மாத ஸ்கேனில், குழந்தையின் கழுத்து நீர் அளவான என்.டி. 2.6 மி.மீ. என்று ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் வீடே ஆடிப்போகிறது. 1.1 என்று வந்தால் யாரும் படத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ரிப்போர்ட் நேராக ஃபைலுக்குள் போய்விடும். ஸ்கேன் அறையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் ஆள் என்கிற முறையில் சொல்கிறேன், எனக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவதுதான். பெரிய எண் வந்தால் யாராவது மறுபடி அளப்பார்கள், டாக்டர் மேற்கொண்டு டெஸ்ட் எழுதுவார், எங்கேயாவது ஓரிடத்தில் தப்பு பிடிபட்டுவிடும். அரைகுறைப் படத்திலிருந்து வந்த சின்ன எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை.

முதல் மூன்று மாதத்தில் நடக்கும் பரிசோதனை முழுவதும் இரண்டு அளவுகளின் மேல்தான் நிற்கிறது. ஒன்று சி.ஆர்.எல்., அதாவது குழந்தையின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையிலான நீளம். இன்னொன்று என்.டி., கழுத்தின் பின்புறம் தோலுக்கு அடியில் தேங்கியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தின் தடிமன். நீளம் வயதைச் சொல்கிறது, கழுத்து நீர் குரோமோசோம் குறைக்கான ரிஸ்க்கைச் சொல்கிறது. இந்த இரண்டையும் எப்படி அளக்கிறார்கள், எங்கே பிசகும், கையில் இருக்கும் படத்தை வைத்து நீங்களே எதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையாகப் பார்ப்போம். படத்தைப் பார்த்து நீங்களே முடிவெடுக்கச் சொல்லவில்லை, டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

1. முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள்

கடைசி மாதவிலக்கின் முதல் நாள், அதைத்தான் எல்.எம்.பி. என்கிறார்கள், அதிலிருந்து 280 நாள் எண்ணிப் பிரசவத் தேதி போடுகிறோம். இந்தக் கணக்கு 28 நாள் சுழற்சி இருக்கும் பெண்ணுக்கானது, 14ஆம் நாள் முட்டை வெளிவரும் என்று எடுத்துக்கொண்டு போட்டது. உங்களுக்கு 35 நாளுக்கு ஒருமுறை வரும் என்றால், கரு உண்டானதே ஒரு வாரம் தள்ளித்தான் இருக்கும், ஆகவே ஸ்கேனில் குழந்தை ஒரு வாரம் சிறியதாகத் தெரியும். அதில் பயப்பட ஒன்றும் இல்லை. பி.சி.ஓ.டி. இருப்பவர்களுக்கு இது ரொம்பச் சகஜம். தேதி உறுதியாக ஞாபகம் இல்லை என்றால் "சுமார் இந்தத் தேதி" என்று குத்துமதிப்பாகச் சொல்லாமல், ஞாபகம் இல்லை என்றே சொல்லிவிடுங்கள். தப்பான தேதியைவிட தேதி இல்லாமல் இருப்பது எங்களுக்கு வசதி.

ஐ.வி.எஃப். என்றால் மாதவிலக்குத் தேதி வேண்டாம். ஐந்து நாள் கருவை உள்ளே வைத்திருந்தால், வைத்த நாளிலிருந்து 19 நாள் பின்னால் போனால் கிடைப்பதுதான் உங்கள் எல்.எம்.பி. கரு எத்தனை நாள் ஆனது என்று ரிப்போர்ட்டில் இருக்கும், அதைக் கையோடு கொண்டு போங்கள்.

எல்.எம்.பி. கணக்கும் ஸ்கேன் கணக்கும் வேறுபட்டால் எதை எடுப்பது? மகப்பேறு மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது. 9 வாரம் நிறையும் முன் எடுத்த ஸ்கேனில் வித்தியாசம் 5 நாளுக்கு மேல் போனால் தேதியை மாற்றுவார்கள். 9 முதல் 14 வாரத்துக்குள் என்றால் 7 நாளுக்கு மேல் போனால்தான் மாற்றுவார்கள். அதற்குள் இருந்தால் எல்.எம்.பி. தேதியே நிற்கும். ஏன் ஐந்து நாள், ஏழு நாள் என்றால், சி.ஆர்.எல். அளவின் துல்லியமே அவ்வளவுதான். கர்ப்பகாலம் முழுக்க எடுக்கும் ஸ்கேன்களில் வயதைச் சொல்வதற்கு இதைவிட நல்ல அளவு கிடையாது, அப்படியிருந்தும் முன்னே பின்னே ஐந்தாறு நாள் இருக்கும்.

2. ஆறு, ஏழு வார ஸ்கேனில் துடிப்பு தெரியவில்லை என்றால்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அளவுப் பிசகு உயிர் விஷயமாக மாறும் இடம் இதுதான்.

"ஹார்ட்பீட் வரலை, கலைச்சிடலாம்" என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே இரண்டாவது கருத்துக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் துடிப்பு நன்றாகவே தெரியும். எல்லாருக்கும் அப்படி நடக்காது, பொய் நம்பிக்கை தரவும் விரும்பவில்லை. ஆனால் முடிவு சொல்ல ஓர் அளவுக்கோடு இருக்கிறது. முன்பெல்லாம் கரு 5 அல்லது 6 மி.மீ. நீளம் வந்தும் துடிப்பு இல்லை என்றால் கர்ப்பம் நின்றுவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். 2011இல் பிரிட்டனிலும், அதற்கு அடுத்த வருஷம் அமெரிக்க நிபுணர் குழுவிலும் அதை 7 மி.மீ. என்று உயர்த்தினார்கள். கரு தெரியாமல் வெறும் கர்ப்பப் பை மட்டும் இருந்தால், அதன் சராசரி விட்டம் 25 மி.மீ. ஆக வேண்டும். முன்பு இது 16 என்றும் 20 என்றும் இருந்தது.

ஏன் உயர்த்தினார்கள் தெரியுமா? ஒரே பையை இரண்டு பேர் அளந்தால் ஒரே எண் வராது. ஒருவர் 20 என்று அளந்த பையை இன்னொருவர் ஏறக்குறைய 17 என்றும் அளக்கலாம், 24 என்றும் அளக்கலாம். அவ்வளவு அகலமான பிசகை வைத்துக்கொண்டு 20இல் கோடு போட்டால், உயிரோடு இருக்கும் கர்ப்பத்தைக் கலைக்கும் ஆபத்து உண்டு. அதனால் பிசகுக்கும் இடம் விட்டு, கோட்டைத் தள்ளி வைத்தார்கள்.

ஆகவே ரிப்போர்ட்டில் கரு 4 மி.மீ., துடிப்பு இல்லை என்று இருந்தால், சந்தேகம்தான், முடிவு கிடையாது. பையும், அதற்குள்ளே கருவுக்கு ஊட்டம் தரும் மஞ்சள்கருப் பையின் வளையமும் தெரிந்திருந்தால் 11 நாள் கழித்து, வளையம்கூடத் தெரியவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து, மறுபடி பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். ரத்தப்போக்கோ கடும் வலியோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதோடு இந்த அளவுக்கோடுகள் எல்லாம் உள்வழி ஸ்கேனுக்கானவை, அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்து எடுப்பதற்கு. உள்வழி ஸ்கேன் என்றாலே பலர் வேண்டாம் என்கிறார்கள், குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் சொன்னாராம். கருவி கருப்பை வாயைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் தோலும் கொழுப்பும் மூத்திரப்பையும் தாண்டிப் பார்க்க வேண்டும், பக்கத்தில் போய்ப் பார்த்தால் 2, 3 மி.மீ. கருவே தெரியும்.

3. என்.டி. ஸ்கேனுக்கு நாள் குறிப்பது

குழந்தையின் நீளம் 45 முதல் 84 மி.மீ.க்குள் இருக்கும்போது மட்டும்தான் என்.டி. அளவுக்கு அர்த்தம் உண்டு. வாரக் கணக்கில் ஏறக்குறைய 11 முதல் 13 வாரம் 6 நாள் வரை. என் பரிந்துரை 12 வாரம் முடிந்து இரண்டு மூன்று நாள். 11 வாரத்தில் வந்தால், தேதி நாலு நாள் தள்ளியிருந்தால்கூட நீளம் 45ஐத் தொடாது, திருப்பி அனுப்ப வேண்டிவரும். 13 வாரத்தின் கடைசியில் வந்தால் குழந்தை நேராக நிமிர்ந்து நின்றுகொண்டு படமே தராமல் அடம்பிடிக்கும், மறுபடி வரச் சொல்லவும் நாள் இருக்காது.

மூன்று மாதம் முடிந்த பிறகுதான் விஷயத்தை வெளியே சொல்வோம், டாக்டரிடமும் அப்போதுதான் போவோம் என்று இருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கழுத்து நீர் 14 வாரத்துக்குப் பிறகு தானாக வற்றிவிடும், குறை உள்ள குழந்தைக்கும்தான். ஐந்தாம் மாத ஸ்கேனில் சேர்த்துப் பார்த்துக்கொள்ள முடியாது.

அன்றைக்கு அவசரம் இல்லாமல் வாருங்கள். மூத்திரப்பை ஓரளவு நிறைந்திருந்தால் போதும், முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் கருப்பை பின்னால் தள்ளப்பட்டுப் படம் இன்னும் மோசமாகும். குழந்தை சரியான நிலையில் படுக்கவில்லை என்றால் வெளியே போய் நடந்துவிட்டு வரச் சொல்வோம், இருமச் சொல்வோம், ஒருக்களித்துப் படுக்கச் சொல்வோம். வெளியே உட்கார்ந்திருக்கும் அத்தை "என்னம்மா, இன்னுமா ஆகலை, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்பார். நேரம் ஆவது நல்ல அறிகுறி. மூன்று நிமிஷத்தில் வெளியே அனுப்பினால்தான் யோசிக்க வேண்டும்.

4. சி.ஆர்.எல். படத்தை எடுத்துப் பாருங்கள்

ரிப்போர்ட்டோடு படங்களும் தருவார்கள், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வதைத்தான் 1994ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது, அதற்காகத்தான் உங்களிடம் ஃபார்ம் எஃப்-இல் கையெழுத்து வாங்குகிறார்கள். கழுத்துப் படத்தைத் தருவதற்கு எந்தத் தடையும் இல்லை.

நல்ல சி.ஆர்.எல். படத்தில் குழந்தை பக்கவாட்டில் திரையின் குறுக்கே படுத்திருக்கும், படத்தின் பெரும்பகுதியை அதுவே அடைத்திருக்கும். உச்சந்தலையும் பிட்டமும் இரண்டு பக்கமும் தெளிவான கோடாக முடியும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் கறுப்பாகக் கொஞ்சம் நீர் தெரிய வேண்டும். அந்த இடைவெளி இல்லை என்றால் குழந்தை குனிந்து சுருண்டிருக்கிறது, அதை அளப்பது கூன் போட்டு நிற்பவரின் உயரத்தை அளப்பது மாதிரி, நிச்சயம் குறைவாகத்தான் வரும். காலையோ மஞ்சள்கருப் பையையோ சேர்த்து அளந்துவிட்டால் அதிகமாக வரும்.

இதனால் எவ்வளவு போய்விடும்? 45 மி.மீ. குழந்தைக்கு வயது சுமார் 11 வாரம் 2 நாள், 84 மி.மீ. குழந்தைக்குச் சுமார் 14 வாரம் 1 நாள். அதாவது 20 நாளில் 39 மி.மீ., நாளுக்கு ஏறக்குறைய 2 மி.மீ. வளர்ச்சி. 60 மி.மீ. இருக்கும் குழந்தையைச் சுருண்ட நிலையில் 56 என்று அளந்தால் 12 வாரம் 3 நாள் என்பது 12 வாரம் 1 நாளாகும். வெறும் இரண்டு நாள்தானே என்று தோன்றும். பிரசவத் தேதிக்கு அது ஒன்றுமே இல்லை. ரத்தப் பரிசோதனைக் கணக்கில் அது என்ன செய்யும் என்று பின்னால் சொல்கிறேன்.

5. என்.டி. படம்: இங்கேதான் கண்ணை விரித்துப் பார்க்க வேண்டும்

லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் கிப்ரோஸ் நிக்கோலைடீஸ் என்ற மருத்துவரின் குழு 1992இல் இந்தக் கழுத்து நீருக்கும் குரோமோசோம் குறைகளுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டது. அவர் தொடங்கிய ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன்தான் எப்படி அளக்க வேண்டும் என்று விதி வகுத்து, அளப்பவர்களுக்குச் சான்றிதழும் தருகிறது. சான்றிதழை ஆளுக்குத்தான் தருகிறார்கள், மெஷினுக்கோ கட்டடத்துக்கோ இல்லை. அதையும் வாங்கிச் சுவரில் மாட்டினால் முடிந்தது என்று இல்லை, அவ்வப்போது தாங்கள் எடுத்த படங்களைக் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். "உங்கள் என்.டி.க்கு எஃப்.எம்.எஃப். சான்றிதழ் இருக்கிறதா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இப்போது படத்தைக் கையில் எடுங்கள். திரையில் தலையும் நெஞ்சின் மேல்பகுதியும் மட்டும் இருக்க வேண்டும், படம் முழுக்க. குழந்தை மொத்தமும் தெரிகிற படத்தில் கழுத்தை அளந்திருந்தால் அந்த எண்ணை ஒதுக்கி வைத்துவிடலாம். காரணம் எளிது, பெரிதாக்காத படத்தில் புள்ளியை ஒரு சிட்டிகை நகர்த்தினாலே அளவு தாவிவிடும். பெரிதாக்கினால்தான் 0.1 மி.மீ. 0.1 மி.மீ. ஆக நகரும்.

அடுத்து முகத்தைப் பாருங்கள். மூக்கு நுனி வெள்ளையாகத் தெரிகிறதா, அதற்குக் கீழே அண்ணம் ஒரு சின்னச் செவ்வகமாகத் தெரிகிறதா, தலைக்கு நடுவில் மூளையின் ஒரு பகுதி கறுப்பாகத் தெரிகிறதா? மூன்றும் தெரிந்தால் வெட்டு சரியாக நடுவில் விழுந்திருக்கிறது. கண்குழியோ கன்னத்து எலும்போ தெரிந்தால் பக்கமாக விலகியிருக்கிறது.

தலை முதுகுத்தண்டோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். தலையைப் பின்னால் அண்ணாந்து வைத்திருந்தால் கழுத்துத் தோல் மடிந்து அளவு 0.6 மி.மீ. வரை கூடிவிடும். குனிந்திருந்தால் 0.4 மி.மீ. வரை குறைந்துவிடும். இதை இன்னொரு தடவை படியுங்கள். இரண்டுக்கும் இடையில் 1 மி.மீ. வித்தியாசம், அதே குழந்தை, அதே நாள், அதே மெஷின்! 1.6 என்பதும் 2.6 என்பதும் குழந்தை எப்படிக் கழுத்தை வைத்திருந்தது என்பதைப் பொறுத்துக்கூட இருக்கலாம்.

கழுத்துக்குப் பின்னால் இரண்டு கோடு தெரியும். ஒன்று தோல், இன்னொன்று பனிக்குடச் சவ்வு. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையில் இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கும், சவ்வையே தோல் என்று நினைத்து அளந்தால் எண் எகிறிவிடும். குழந்தை துள்ளும் வரை காத்திருந்தால் தோல் அதோடு எழும்பும், சவ்வு அங்கேயே நிற்கும், அப்போது பிரித்துப் பார்க்கலாம். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தால் கொடிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று அளந்து சராசரி எடுக்க வேண்டும். நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி இருக்கும், இந்த வாரத்தில் கொடி சுற்றியிருப்பதால் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

கடைசியாக, அளவின் இரண்டு முனையிலும் வைக்கும் அந்தக் கூட்டல் குறிகள். இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் கறுப்பாக இருப்பதுதான் நீர். அதில் எங்கே அதிக அகலமோ அங்கே அளக்க வேண்டும். குறியின் கிடைக்கோடு வெள்ளைக் கோட்டின் உள்விளிம்பில் படிந்து, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மாதிரி கரைந்திருக்க வேண்டும். கறுப்புக்குள் மிதந்துகொண்டிருந்தால் அளவு குறைச்சல். கோட்டுக்கு வெளியே நின்றால் கோட்டின் தடிமனும் சேர்ந்து அளவு கூடுதல். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்திருந்தால் வெள்ளைக் கோடுகள் ஊறிப் பருத்து நடுவிலுள்ள கறுப்பைத் தின்றுவிடும், அப்போதும் குறைச்சல்தான். மூன்று நான்கு தடவை அளந்து, விதிப்படி எடுத்த படங்களில் வந்த பெரிய எண்ணைத்தான் ரிப்போர்ட்டில் போட வேண்டும். சராசரியும் கிடையாது, மனசுக்குப் பிடித்த எண்ணும் கிடையாது.

கவனித்திருப்பீர்கள், மேலே சொன்ன பிசகுகளில் பாதி எண்ணைக் குறைத்துக் காட்டுபவை. ஒரு சென்டரில் 12, 13 வாரத்தில் வரும் எல்லாருக்கும் 1.0, 1.1 என்றே எழுதுகிறார்கள் என்றால் அங்கே ஏதோ சரியில்லை. 45 மி.மீ. குழந்தைக்கு நடுத்தரமான என்.டி. 1.2, 84 மி.மீ. குழந்தைக்கு 1.9. பாதிப் பேருக்கு இதற்கு மேலும் பாதிப் பேருக்குக் கீழும் வர வேண்டும். எல்லாமே கீழே வந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, குறை உள்ள குழந்தையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து தப்பிப் போகிறது என்று அர்த்தம்.

6. மெஷினால் எவ்வளவுதான் முடியும்

ஸ்கேன் மெஷின் நேரடியாக எதையும் அளப்பதில்லை. ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, உடம்புக்குள் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்று எடுத்துக்கொண்டு தூரத்தைச் சொல்கிறது. 5 மெகாஹெர்ட்ஸ் கருவியில் ஒலியலையின் நீளமே சுமார் 0.3 மி.மீ. அதைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு பொருள்களை அதனால் பிரித்துக்காட்ட முடியாது. ரிப்போர்ட்டில் 1.73 என்று இரண்டு தசமம் போட்டிருந்தால் அந்த 3ஐ மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, ஒலி போகும் திசையில் படத்தின் கூர்மை அதிகம், குறுக்குத் திசையில் குறைவு. அதனால்தான் குழந்தை குறுக்கே படுத்திருக்கும் படம் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறோம். நிமிர்ந்து நிற்கும் குழந்தையின் கழுத்துக்கோடு மங்கலாகத்தான் விழும்.

பயிற்சி உள்ள இரண்டு பேர் ஒரே குழந்தையை அளந்தாலும் அரை மில்லிமீட்டரையொட்டி வித்தியாசம் வரலாம். ஆகவே ஒரு இடத்தில் 1.4, இன்னொரு இடத்தில் 1.7 என்றால் இரண்டும் ஒன்றுதான். "அங்கே தப்பா எடுத்துட்டாங்க" என்று சண்டைக்குப் போக வேண்டாம். எண் பிடிக்கவில்லை என்று மூன்று சென்டர் ஏறி இறங்கி, கிடைத்ததில் சின்ன எண்ணை எடுத்து வைத்துக்கொள்வதும் வேண்டாம்.

7. எண்ணைப் படிப்பது

"மூணுக்குக் கீழ இருந்தா நார்மல்" என்று பலரும் சொல்கிறார்கள், கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. நூறில் 95 பேர் இருக்கும் எல்லை, 45 மி.மீ. குழந்தைக்கு 2.1, 84 மி.மீ. குழந்தைக்கு 2.7. ஆகவே 2.5 என்பது சின்னக் குழந்தைக்கு அதிகம், பெரிய குழந்தைக்குச் சாதாரணம். நீளத்தைச் சொல்லாமல் என்.டி.யை மட்டும் போனில் சொல்லி "பயப்படணுமா?" என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. நூறில் 99 பேர் இருக்கும் எல்லை மட்டும் நீளத்தைப் பொறுத்து மாறுவதில்லை, அது 3.5.

95க்கும் 99க்கும் நடுவில் விழுந்த குழந்தைகளில் நூறுக்குச் சுமார் 93 நல்லபடியாகப் பிறக்கின்றன. 3.5 முதல் 4.4 வரை என்றால் சுமார் 70. 6.5ஐத் தாண்டினால் சுமார் 15தான். 3.5க்கு மேல் போனால் ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் மரபியல் ஆலோசனைக்கும், நஞ்சுக்கொடியிலிருந்து மாதிரி எடுக்கும் சி.வி.எஸ். பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். குரோமோசோம் சரியாக இருந்தாலும் குழந்தையின் இதயத்தைத் தனியாக எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதயக் குறையிலும் கழுத்து நீர் கூடும்.

8. டபுள் மார்க்கர் ஃபாரத்தை நீங்களே சரிபாருங்கள்

ஸ்கேன் ஒரு இடம், ரத்தம் எடுப்பது வேறு இடம், கணக்குப் போடுவது எங்கோ தூரத்து லேப். நடுவில் ஃபாரத்தை நிரப்புபவர் அவசரத்தில் இருப்பார். தப்பு நுழைய இதைவிடத் தோதான இடம் கிடையாது.

டபுள் மார்க்கர் என்னும் இந்த ரத்தப் பரிசோதனையில் பார்ப்பது பேப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டு பொருள்கள். இந்த வாரங்களில் பேப்-ஏ நாளுக்கு நாள் ஏறும், பீட்டா எச்.சி.ஜி. இறங்கும். அதனால் உங்கள் அளவை அதே வயது கர்ப்பத்தின் நடுத்தர அளவால் வகுத்துத்தான் சொல்வார்கள், ரிப்போர்ட்டில் எம்.ஓ.எம். என்று இருப்பது அதுதான். டவுன் சிண்ட்ரோம், அதாவது 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் குறை, உள்ள குழந்தைகளில் பேப்-ஏ பாதியாகவும் பீட்டா எச்.சி.ஜி. இரட்டிப்பாகவும் இருப்பது வழக்கம்.

இப்போது அந்த இரண்டு நாளுக்கு வருவோம். சுருண்ட குழந்தையை 4 மி.மீ. குறைத்து அளந்தால் கம்ப்யூட்டர் கர்ப்பத்தை இளையது என்று நினைக்கும். இளைய கர்ப்பத்துக்கு பேப்-ஏ குறைவாகத்தான் இருக்க வேண்டும், உங்களுக்கு அதைவிட அதிகம் இருக்கிறதே, நல்லது என்று கணக்குப் போடும். பீட்டா எச்.சி.ஜி. அதிகம் இருக்க வேண்டிய வயது, உங்களுக்குக் குறைவு, அதுவும் நல்லது. இரண்டும் சேர்ந்து ரிஸ்க்கைக் குறைத்துக் காட்டும். நீளத்தைக் கூட்டி அளந்தால் எல்லாம் தலைகீழ், நல்ல குழந்தைக்கு ஹை ரிஸ்க் வரும். ஹை ரிஸ்க் வந்தால் தேடிப் பார்ப்பீர்கள், லோ ரிஸ்க் வந்தால் ஸ்வீட் வாங்குவீர்கள்.

ஃபாரத்தில் பார்க்க வேண்டியவை: ஸ்கேன் எடுத்த தேதி, சி.ஆர்.எல்., என்.டி., ரத்தம் எடுத்த தேதி, உங்கள் பிறந்த தேதி, அன்றைய எடை, ஐ.வி.எஃப். என்றால் கருமுட்டை யாருடையது, அவர் வயது என்ன, சர்க்கரை நோய் உண்டா, முன்பு டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறந்திருக்கிறதா, இரட்டைக் குழந்தையா. எடை ஏன் என்றால், உடம்பு பெரிதாக இருந்தால் ரத்தத்தில் பொருள் நீர்த்துப்போகும். கல்யாணத்தின்போது இருந்த எடையைச் சொல்லாதீர்கள். ரிப்போர்ட் வந்ததும் வயதை எல்.எம்.பி.யை வைத்துப் போட்டார்களா, சி.ஆர்.எல். வைத்துப் போட்டார்களா என்று பாருங்கள். பிரசவத் தேதிக்கு எல்.எம்.பி.யை வைத்துக்கொண்டிருந்தாலும் இந்தக் கணக்குக்கு சி.ஆர்.எல்.தான் வேண்டும். இங்கே நிறையப் பேர் குழம்புகிறார்கள், டாக்டர்களும் உட்பட.

9. 1:180 என்று வந்தால்

உங்களைப் போன்ற 180 பேரில் ஒருவருக்கு டவுன் சிண்ட்ரோம் குழந்தை, 179 பேருக்கு இல்லை என்று அர்த்தம். பல லேப்களில் 1:250தான் கோடு, அதனால் ஹை ரிஸ்க் என்று சிவப்பில் அச்சடிக்கிறார்கள். தாயின் வயது, என்.டி. இரண்டை மட்டும் வைத்தால் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் நூறுக்குச் சுமார் 75 பிடிபடும், ரத்தத்தையும் சேர்த்தால் 85 முதல் 90. இதற்கு விலையாக நல்ல குழந்தை சுமப்பவர்களில் இருபதில் ஒருவருக்கு வீணாக ஹை ரிஸ்க் வரும். பத்துப் பதினைந்து குழந்தைகள் தப்பியும் போகும்.

தாயின் ரத்தத்திலிருந்தே குழந்தையின் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. டவுன் சிண்ட்ரோமை 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும், செலவு அதிகம். அதிலும் பாசிட்டிவ் என்றால் சி.வி.எஸ்., அல்லது 16 வாரம் வாக்கில் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, இவற்றால் உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. "என்.ஐ.பி.டி. பண்ணிட்டோம், என்.டி. எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: மண்டையோடு உருவாகாமல் இருப்பது, வயிற்றுச் சுவர் மூடாமல் குடல் வெளியே இருப்பது, இரட்டைக் குழந்தைகள் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்வது, இதையெல்லாம் ரத்தம் சொல்லாது. இரட்டைக்கு ஒரே நஞ்சுக்கொடியா, தனித்தனியா என்பதைக் கண்டுபிடிக்க இந்த வாரங்களைவிட நல்ல நேரம் கிடையாது, அதை ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

10. அப்புறம் வரும் ஸ்கேன்களின் தேதி

ஐந்தாம் மாதம் ஒரு ஸ்கேன், எட்டாம் மாதம் ஒன்று, ஒவ்வொன்றிலும் மெஷின் புதிதாக ஒரு பிரசவத் தேதியை அச்சடித்துத் தரும். ஃபைலைத் தூக்கிக்கொண்டு "மூணு தேதி இருக்கு, எது சரி?" என்று வராதவர்களே இல்லை. முதல் மூன்று மாதத்தில் உறுதி செய்த தேதிதான் கடைசி வரை. 28 வாரத்துக்குப் பிறகு ஸ்கேன் சொல்லும் வயதில் மூன்று வாரம் வரை வித்தியாசம் வரலாம், ஏனென்றால் அப்போது குழந்தைகள் ஆளுக்கொரு பருமனில் வளர்கின்றன. எட்டாம் மாத ஸ்கேனை வைத்துத் தேதியைத் தள்ளிப்போட்டால் வளர்ச்சி குன்றிய குழந்தையை "வயசு கம்மி" என்று சொல்லி விட்டுவிடுவோம். ஆகவே சி.ஆர்.எல். உள்ள அந்த முதல் ரிப்போர்ட்டையும், கூட்டல் குறி தெரியும் என்.டி. படத்தையும் போனில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். ஸ்கேன் தாள் லேமினேஷன் சூட்டில் கறுத்துப்போகும், அதனால் லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள்.